அமீனா இல்லாத நீதிமன்றம்

வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தவர் எங்களில் ஒருவர் இருக்கிறார். டிக்ரி கைக்கு வந்த அன்று தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் போட்டார். அதற்குப் பிறகு நிறைவேற்று மனு, அதற்கு ஆட்சேபணை, ஆட்சேபணைக்கு வாய்தா, அளக்க வந்தவர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு பாதியில் திரும்பியது என்று ஒன்பது வருஷம் போயிற்று. ஒரு நாள் காலையில் அமீனா வந்தார். கூடவே இரண்டு போலீஸ்காரர்கள். கல் நட்டுவிட்டுப் போனார்கள். “தீர்ப்பு சொன்னது ஜட்ஜ். நிலத்தைக் கொடுத்தது அமீனா” என்று அவர் இன்றைக்கும் சொல்வார்.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற வல்லத்தில் கூடி நாங்கள் ஓர் இயக்கம் தொடங்குவதற்கு அந்தப் பேச்சுதான் வித்து. நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றம் இருக்கிறது. 15 நீதிபதிகள், ஆளுக்கு 9 ஆண்டு பதவி. நாட்டுக்கும் நாட்டுக்குமான வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கோர்ட்டுக்கு அமீனா கிடையாது. தான் கட்சிக்காரராக இருக்கும் வழக்கின் தீர்ப்புக்கு ஒவ்வோர் உறுப்பு நாடும் கட்டுப்பட வேண்டும் என்று ஐ.நா. சாசனத்தின் 94ஆவது பிரிவு சொல்கிறது. தோற்றவர் அடம்பிடித்தால் ஜெயித்தவர் பாதுகாப்புச் சபையிடம் முறையிடலாம். அங்கே ஐந்து நாடுகளின் கையில் வீட்டோ இருக்கிறது. தோற்றவரே அந்த ஐவரில் ஒருவராக இருந்தால்? 1986 ஜூன் 27 அன்று நிகரகுவா என்ற சின்ன நாடு தொடுத்த வழக்கில் அமெரிக்கா தோற்றது. தீர்ப்பை ஏற்க மறுத்தது. நிகரகுவா பாதுகாப்புச் சபைக்குப் போனது. அந்த அக்டோபரிலேயே அமெரிக்கா தன் வீட்டோவால் தீர்மானத்தை அடித்துப் போட்டது. வரப்பை வெட்டியவனையே அமீனாவாக அனுப்பிய கதை.

ஆகவே நாங்கள் அறிவிப்பது: அமீனா வந்தாலும் வராவிட்டாலும், தான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கும் தான் கட்சிக்காரராக நின்ற கோர்ட்டின் தீர்ப்புக்கும் ஒரு நாடு கட்டுப்பட வேண்டும். சாதகமாக வந்த தீர்ப்பை எவரும் ஏற்பார். எதிராக வந்ததை ஏற்றாரா என்றுதான் நாங்கள் பார்ப்போம். அந்தக் கேள்வியை முதலில் எங்கள் ஊரிடமும், அடுத்து எங்கள் மாநிலத்திடமும், பிறகு டெல்லியிடமும் கேட்போம். அமெரிக்காவும் சீனாவும் வரிசையில் நிற்கட்டும்.

மல்லாட்டை பிடுங்குகிற ஊரில் இருந்துகொண்டு ஹேக்கைப் பற்றி என்ன பேச்சு என்று டீக்கடையில் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் பதில், அது ஏற்கெனவே இங்கே வந்துவிட்டது என்பது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டு சேர்ந்த அந்தத் தொகுப்பில் தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்றுதான். எதனால் ஏறியது? 1972ஆம் ஆண்டு உலக நாடுகள் போட்ட ஓர் ஒப்பந்தத்தால். மரக்காணம் பக்கம் கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு ‘அகதி’ என்ற சட்டப்பூர்வமான நிலை இல்லை. ஏன்? 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. கோட்டைக்குக் கிடைத்த பெருமையும் முகாமுக்குக் கிடைக்காத உரிமையும் ஒரே மாதிரி காகிதத்திலிருந்து வந்தவை.

இன்னும் பக்கத்தில் வருவோம். விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போகிறவர் மதகடிப்பட்டில் எல்லையைத் தாண்டுகிறார். பெட்ரோல் விலை மாறுகிறது, சாராயக் கடை போர்டு மாறுகிறது, கொஞ்ச தூரத்தில் மறுபடி தமிழ்நாடு வருவதும் உண்டு. இந்தக் கோணல்மாணல் எல்லை வெள்ளைக்காரர்கள் இருவர் போட்ட சண்டையின் மிச்சம். செஞ்சியை 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1761இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அந்தச் சண்டைக்கு எங்கள் பாட்டன்களின் வயல்தான் களம்.

ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி முடிந்த விதம் வேறு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய, 8 பேர் எதிராக. நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28இல் இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் பிறகு பிரான்சின் நாடாளுமன்றம் அதை உறுதிசெய்ய ஆறு வருஷம் பிடித்தது. இந்தியா காத்திருந்தது. 1962 ஆகஸ்ட் 16இல்தான் சட்டப்படி முழு மாற்றம். அந்த ஒப்பந்தம் கொடுத்த உரிமையில் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இன்றும் புதுச்சேரியில் பென்ஷன் வாங்குகின்றன. எந்தத் துப்பாக்கியும் அந்தப் பென்ஷனைக் காவல் காக்கவில்லை. எழுதிய சொல் ஒன்றுதான் காக்கிறது.

அதே இந்தியா கோவாவில் வேறு மாதிரி நடந்தது. போர்ச்சுகல், இந்திய மண் சூழ்ந்த தன் பகுதிகளான தாத்ராவுக்கும் நகர் ஹவேலிக்கும் வழி கேட்டு ஹேக்குக்குப் போனது. 1960 ஏப்ரல் 12இல் தீர்ப்பு வந்தது: சாதாரணக் குடிமக்களும் சிவில் அதிகாரிகளும் சரக்கும் போகலாம், படை போகக் கூடாது, இந்தியா தவறு எதுவும் செய்யவில்லை. நமக்குச் சாதகமான தீர்ப்பு. அடுத்த வருஷம் டிசம்பரில் கோவாவுக்குள் நம் ராணுவம் போயிற்று. காலனி ஆட்சி ஒழிந்ததில் எங்களுக்கு வருத்தம் துளியும் இல்லை. போர்ச்சுகலின் அன்றைய சர்வாதிகாரி பேச்சுவார்த்தைக்கு மசியவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் கீழூரை எங்கள் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்வோம், கோவாவை விளக்கமாகத்தான் சொல்ல முடியும்.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு எங்கள் கொள்கையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். மதகைத் திறந்தால் தலைமடைக்காரன் வயல் தானாக நிரம்பும்; கடைமடைக்காரன் வயல் நிரம்புவது தலைமடைக்காரன் முறைக்குக் கட்டுப்பட்டால்தான். நீர்க்கட்டி வாய்க்காலோரம் மண்வெட்டியோடு நிற்கிறாரே, அவருக்குத் துப்பாக்கியா கொடுத்திருக்கிறது? ஊர் அவர் பேச்சை மதிக்கிறது, அவ்வளவுதான். ஒரு வருஷம் ஒரு பெரிய வீட்டுக்காரர் முறையை மீறி ராத்திரியில் வாயை அடைத்தால், அடுத்த வருஷம் எல்லாரும் ராத்திரியில் வாய்க்காலுக்கு வருவார்கள். அதன் பிறகு அரிவாள்தான் பேசும்.

காவிரியில் தமிழ்நாடு கடைமடை. 1991 ஜூனில் நடுவர் மன்றம் 205 டி.எம்.சி. விடச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. ஒரே மாதத்தில் கர்நாடகம் அவசரச் சட்டம் கொண்டுவந்து அதைத் தள்ளப் பார்த்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அவசரச் சட்டம் செல்லாது என்றது. டிசம்பரில் உத்தரவு அரசிதழில் வந்தபோது பெங்களூரில் தமிழர் வீடுகள் எரிந்தன. இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரியில். அதை அரசிதழில் போடவே ஆறு வருஷம், 2013. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16இல் கர்நாடகம் நமக்கு விட வேண்டியதில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்து 177.25 ஆக்கியது. கசந்தது. ஆனால் ஏற்றுக்கொண்டோம். கட்டுப்படாத மாநிலத்தைத் திட்டி வளர்ந்த தலைமுறைக்கு வேறு வழியும் இல்லை.

இங்கே நிறுத்தினால் எங்களுக்கு நல்ல கைதட்டு கிடைக்கும். நிறுத்தப் போவதில்லை. 2014 மே 7ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று உச்ச நீதிமன்றத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு இரண்டு தீர்ப்புகள் வந்தன. ஒன்று முல்லைப் பெரியாறு. 142 அடி வரை தேக்கலாம் என்று 2006 பிப்ரவரியில் நீதிமன்றம் சொன்ன அடுத்த மாதமே 136 அடிக்கு மேல் கூடாது என்று கேரளச் சட்டமன்றம் சட்டம் போட்டது. கோர்ட்டின் முடிவைச் சட்டமன்றத்தால் இப்படிப் புரட்டிப் போட முடியாது என்று அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். பட்டாசு வெடித்தோம். இன்னொன்று ஜல்லிக்கட்டு, அதற்குத் தடை. 2017 ஜனவரியில் மெரினாவில் உட்கார்ந்தோம், எங்களில் பலர் திண்டிவனத்தில் ரயிலேறிப் போனவர்கள். சில நாளில் அவசரச் சட்டம் வந்தது, அதன் பின் சட்டத் திருத்தம். கோர்ட்டின் முடிவைச் சட்டமன்றம் தாண்டியது. கேரளம் செய்தால் துரோகம், நாம் செய்தால் பண்பாடா?

சட்டம் படித்த எங்கள் தோழர் இங்கே குறுக்கிடுகிறார்: இரண்டும் ஒன்றல்ல, நீதிமன்றம் காட்டிய குறையைத் திருத்தத்தின் மூலம் சரிசெய்தார்கள், 2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வே அதை ஏற்றுக்கொண்டது என்கிறார். சரி, ஏற்கிறோம். அதுதான் நேர்வழியும்கூட: சட்டத்தை மாற்று, மாற்றியதை மறுபடி கோர்ட்டு முன்னால் வை, அது சொல்வதைக் கேள். ஆனால் மெரினாவில் உட்கார்ந்திருந்த அன்று அந்த வித்தியாசம் எங்களில் எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. தீர்ப்பு எதிராக வந்தது, கோபம் வந்தது. அவ்வளவுதான் இருந்தது மனதில். இந்த இயக்கத்தில் சேர்கிறவர்கள் அந்த நாளை நேர்மையாக நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறோம்.

இன்னொரு கசப்பான இடம், விழுப்புரம் பக்கத்து மேல்பாதி. பட்டியல் சாதி மக்கள் கும்பிட வந்தது தகராறாகி, 2023 ஜூனில் திரௌபதி அம்மன் கோவிலுக்கு சீல் வைத்தார்கள். தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு எழுதி எழுபது வருஷம் தாண்டிய பிறகு. உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மார்ச்சில் பூஜைக்காகக் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில் போலீஸ் காவலோடு அவர்கள் உள்ளே போனார்கள். மற்ற தரப்பில் பலர் விலகி நின்றார்கள். சங்கிலியை அமீனா கழற்றலாம். மனதில் இருக்கிற பூட்டுக்கு எந்தக் கோர்ட்டிலும் சாவி இல்லை. சீனாவைப் பார்த்துத் தீர்ப்புக்குக் கட்டுப்படு என்று முழங்கப் போகிறவர்கள், முப்பது நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற ஊரைப் பற்றி வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்களை எவர் மதிப்பார்?

நாம் எப்போதும் கடைமடை என்று நினைப்பதும் பொய். எங்கள் பக்கத்து மழைத் தண்ணீரை வாங்கிக்கொண்டு ஓடுகிறது சங்கராபரணி. வீடூர் அணையில் தேங்கி 3,200 ஏக்கருக்குப் பாய்கிறது. அதில் 1,000 ஏக்கர் புதுச்சேரியில் இருக்கிறது. அந்த விவசாயிக்கு நாம்தான் கர்நாடகம். அவர் கேட்கும்போது நாம் என்ன குரலில் பதில் சொல்கிறோம் என்று கவனித்தால் பெங்களூர்க் குரல் நம் தொண்டையிலும் இருப்பது கேட்கும்.

இனி இந்தியா. நம் நாடு இதில் பெருமைப்பட வேண்டிய பக்கங்களை நம் பாடப்புத்தகங்களே சரியாகச் சொல்வதில்லை. அரசியல் சாசனத்தின் 51ஆவது பிரிவு சர்வதேசச் சட்டத்தையும் ஒப்பந்தக் கடமைகளையும் மதிக்கவும், தகராறுகளை நடுவர் மூலம் தீர்க்கவும் அரசு முயல வேண்டும் என்கிறது. அது ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. 1965 சண்டைக்குப் பிறகு கட்ச் ரண் எல்லை நடுவர் மன்றத்துக்குப் போனது; 1968 பிப்ரவரியில், பாகிஸ்தான் கேட்டதில் சுமார் பத்தில் ஒரு பங்கு அவர்களுக்கு என்று முடிவு வந்தது. நாடாளுமன்றம் கொந்தளித்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனாலும் இந்தியா கொடுத்தது. மூன்றே வருஷத்துக்கு முன் சண்டை போட்ட நாட்டுக்கு! 2014 ஜூலையில் வங்காள விரிகுடாவில் 25,602 சதுர கிலோமீட்டர் கடலுக்காக வங்கதேசத்தோடு நடந்த வழக்கில் 19,467 சதுர கிலோமீட்டர் அவர்களுக்குப் போயிற்று. பெரிய நாடு நாம், பெரிய கப்பற்படை நம்முடையது. தீர்ப்பை ஏற்றோம். பாண்டிக்கும் மரக்காணத்துக்கும் கிழக்கே விரிந்து கிடக்கிற அதே கடல்தான் அது.

2012 பிப்ரவரியில் இத்தாலிக் கப்பலில் இருந்த வீரர்கள் சுட்டு நம் மீனவர்கள் இருவர் செத்தார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். இந்தியாவில்தான் விசாரிக்க வேண்டும் என்று நாடே கேட்டது. 2020இல் நடுவர் மன்றம், அந்த வீரர்களுக்கு விலக்கு உண்டு, இங்கே விசாரிக்க முடியாது, ஆனால் இத்தாலி இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. 10 கோடி ரூபாய் வந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. எங்கள் கூட்டத்தில் இதைப் படித்தபோது ஒரு மீனவத் தோழர் எழுந்து வெளியே போய்விட்டார். அரை மணி கழித்துத் திரும்பி வந்தார். எதிராக வந்த தீர்ப்பை ஏற்பது என்று எழுதுவது சுலபம். அவர் வெளியே போன அந்த அரை மணியை நாங்கள் மறக்க மாட்டோம்.

இதற்கு நேர்மாறான ஒரு கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கச்சத்தீவு என்று மேடை தவறாமல் பேசுகிறோம். 285 ஏக்கர் தீவு. 1974 ஜூனில் இலங்கை பக்கம் போனது. அந்த ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் முன்போல் போய்வரலாம் என்கிறது. 1976இல் பரிமாறிய கடிதங்கள் ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ராமேஸ்வரத்து மீனவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். ஹேக் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதுதானே என்று மேடையில் கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதாக இந்தியா 1974 செப்டம்பரில் கொடுத்த அறிவிப்பில் ஒரு விலக்கு இருக்கிறது: காமன்வெல்த் நாடுகளோடு உள்ள தகராறுகள் இதில் அடங்கா. 2019இல் அறிவிப்பைப் புதுப்பித்தபோதும் அந்த வரி போகவில்லை. இலங்கை காமன்வெல்த் நாடு. கதவை நாமே உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம்.

அந்தத் தாழ்ப்பாள் நமக்கு ஒருமுறை உதவியது. 1999 ஆகஸ்டில் பாகிஸ்தான் கடற்படை விமானம் ஒன்றை நம் விமானப்படை சுட்டு வீழ்த்தியது. பாகிஸ்தான் ஹேக்குக்கு ஓடியது. காமன்வெல்த் விலக்கைக் காட்டி 2000 ஜூனில் தப்பித்தோம். 2017இல், பாகிஸ்தானில் மரண தண்டனை பெற்ற இந்தியர் குல்பூஷன் ஜாதவுக்காக அதே நீதிமன்றத்தின் படியேறியவர்கள் நாம். தூதரக உறவு பற்றிய வேறோர் ஒப்பந்தத்தின் வழியாக நுழைந்து, 2019 ஜூலை 17இல் 15க்கு 1 என்ற கணக்கில் ஜெயித்தோம். வேண்டும்போது கோவில், வேண்டாதபோது குட்டிச்சுவர் என்று ஒரு நீதிமன்றத்தை வைத்துக்கொள்ள முடியாது. காமன்வெல்த் விலக்கை இந்தியா எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை. எடுத்தால் கச்சத்தீவு வழக்கில் ஜெயித்துவிடுவோம் என்று எவரும் நினைக்க வேண்டாம். தோற்கவும் கூடும், ஏனென்றால் ஒப்பந்தத்தில் நம் கையெழுத்து இருக்கிறது.

சிந்து ஒப்பந்தத்தில் எங்களுக்குள் ஒத்த கருத்து வரவில்லை. பஹல்காம் படுகொலைக்கு அடுத்த நாள், 2025 ஏப்ரல் 23இல், பாகிஸ்தானோடு போட்ட அந்த 1960ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்தி வைத்தது. அந்தக் கோபம் நியாயமானது என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை. ரத்தம் சிந்த வைத்தவனோடு தண்ணீரைப் பங்கு போடுவதா என்று பாதிப் பேர் கேட்டார்கள். மேட்டில் இருப்பவர் ஒருதலையாக ஒப்பந்தத்தை மடித்து வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டால், நாளை பிரம்மபுத்திராவில் சீனாவிடம் எந்த வாயால் பேசுவோம் என்று மீதிப் பேர் கேட்டார்கள். இதை எழுதிய கை இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது. ஆனாலும் முடிவு எட்டவில்லை என்றே பிரகடனத்தில் பதிவு செய்கிறோம்.

கடல் தாண்டினால் சிங்கராசா வழக்கு. மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழர். 1993இல் கைதானார். தமிழ் மட்டும் தெரிந்த அவர், சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கைநாட்டு வைத்தார்; சித்திரவதையில் வைத்தேன் என்றார். அந்தத் தாளை வைத்து 50 வருஷத் தண்டனை, மேல்முறையீட்டில் 35. ஐ.நா.வின் மனித உரிமைக் குழுவுக்கு மனு போனது. மனுச் செய்யும் அந்த உரிமையை 1997இல் தன் மக்களுக்குக் கொடுத்ததே இலங்கை அரசுதான். 2004இல் குழு, நியாயமான விசாரணை நடக்கவில்லை, அவருக்கு விடுதலை அல்லது மறு விசாரணை, இழப்பீடு என்றது. 2006 செப்டம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? அந்த மனு உரிமையைத் தரும் ஒப்பந்தத்தில் ஜனாதிபதி சேர்ந்ததே இலங்கையின் அரசியல் சாசனத்துக்கு முரண் என்றது. வாங்கிய கடனைத் திருப்பிக் கேட்கும்போது, நோட்டில் கையெழுத்துப் போட எனக்கு அதிகாரமே இல்லை என்று சொல்கிற கணக்கு. கீழ்புத்துப்பட்டு முகாமில் இருப்பவர்களிடம் ஊர் திரும்பலாமே என்று கேட்கிறவர்கள் இந்த வழக்கை ஒருமுறை படித்துவிட்டுக் கேட்கலாம்.

அதற்காக நம் முதுகில் அழுக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்றுவரை உறுதிசெய்யவில்லை. தமிழ்நாட்டில் லாக்கப் சாவு என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. அது எங்கள் இரண்டாவது கோரிக்கை.

நீதிமன்றமே தவறினால்? தவறும். 1966 ஜூலையில் தென்மேற்கு ஆப்பிரிக்கா வழக்கில், தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிக்கு எதிராக எத்தியோப்பியாவும் லைபீரியாவும் கொண்டுவந்த முறையீட்டை, 7க்கு 7 என்று சமமாகி, தலைவரின் கூடுதல் வாக்கால் தள்ளினார்கள். ஆப்பிரிக்கா முழுக்க அந்த நீதிமன்றத்தைச் சபித்தது. ஆனால் அதை இழுத்து மூடவில்லை. நீதிபதிகள் மாறினார்கள், கேள்வியை வேறு வடிவத்தில் மறுபடி கொண்டுபோனார்கள், 1971 ஜூனில் தென்னாப்பிரிக்கா அங்கே இருப்பதே சட்டவிரோதம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. 1990இல் அந்தத் தென்மேற்கு ஆப்பிரிக்கா நமீபியாவாக விடுதலை பெற்றது. இருபத்து நான்கு வருஷம் எவ்வளவு நீளம் என்று வரப்பு வழக்குக்காரரிடம் கேட்டால் சொல்வார்.

கட்டுப்பட்டவர்களும் உண்டு, அவர்கள் செய்தியில் வருவதில்லை. எண்ணெய் கிடைக்கிற பகாசி தீபகற்பம் தன்னைவிடச் சின்ன கேமரூனுக்கு என்று 2002இல் தீர்ப்பானதும் நைஜீரியா முரண்டு பிடித்தது, பேசியது, 2008இல் விட்டுக் கொடுத்தது. பத்து புத்தே பாறைத்தீவு சிங்கப்பூருக்கு என்று 2008 மேயில் வந்ததை மலேசியா ஏற்றது; 2017இல் புதிய ஆவணம் கிடைத்தது என்று சீராய்வு மனு போட்டது, பிறகு தானே திரும்பப் பெற்றது. படகை அனுப்பவில்லை, மனுவை அனுப்பினார்கள். மறுபக்கம், தென்சீனக் கடல் தீர்ப்பை 2016இல் சீனா வெறும் காகிதம் என்றது. போரை நிறுத்து என்ற 2022 மார்ச் உத்தரவை ரஷ்யா காதில் வாங்கவில்லை. ஆக்கிரமிப்பு சட்டவிரோதம் என்ற 2024 ஜூலைக் கருத்தை இஸ்ரேல் தூக்கிப் போட்டது. இந்த மூன்றில் நமக்குப் பிடித்த நாட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டைத் திட்டுகிறவருக்கு எங்கள் இயக்கத்தில் இடம் இல்லை.

கடைசியாக ஒன்று. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. வல்லத்துக்கு மயிலம் தூரமா என்ன? உளுந்தும் நெல்லும் தண்ணீரில் நின்றன. கடல் சூடாவதற்கு நாங்கள் எரித்த டீசல் எத்தனை லிட்டர்? 2019இல் பசிபிக் தீவுகளில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் 27 பேர் இதே கேள்வியோடு கிளம்பினார்கள். வனுவாட்டு என்ற குட்டி நாடு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை ஒருமனதாக ஹேக்கிடம் கேட்டது. 2025 ஜூலை 23இல் பதில் வந்தது: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் இழப்பீடு வரை பொறுப்பு வரலாம். இது கருத்துதான், டிக்ரிகூட இல்லை. அதை டிக்ரி போல மதிக்க வைப்பதற்கு உலகம் முழுக்க வல்லங்கள் வேண்டும். அதில் நாங்கள் ஒன்று.

வேலைத் திட்டம் பெரிதாக எதுவும் இல்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தீர்ப்பைத் தமிழில் வாசிப்போம். எங்களுக்கு எதிராக வந்த தீர்ப்பிலிருந்துதான் தொடங்குவோம். முதல் மாதம் வங்கதேசக் கடல் வழக்கு, இரண்டாவது மாதம் காவிரி 2018. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழில் கிடைக்கின்றன. ஹேக் தீர்ப்புகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டும் வருகின்றன. பிரெஞ்சு தெரிந்த பாண்டிச்சேரிப் பெரியவர்கள் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், பஸ் செலவு எங்களுடையது. தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ஒரே கேள்வி கேட்போம்: உங்கள் கட்சிக்குப் பிடிக்காத எந்தத் தீர்ப்பை நீங்கள் ஏற்றிருக்கிறீர்கள்? பதில் சொல்ல ஐந்து நிமிஷம் கொடுப்போம். உறுப்பினர் சந்தா வருஷத்துக்கு ஐம்பது ரூபாய். சந்தா வேண்டாம் என்று ஓட்டுப் போட்டுத் தோற்றவர்கள்தான் முதலில் கட்டினார்கள். இயக்கத்துக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை. நான்கு பெயர் வந்து நான்கிலும் சண்டை. அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு.

கீழே கையெழுத்திட்டவர்களில் அந்த வரப்பு வழக்கில் ஜெயித்தவரும் இருக்கிறார், தோற்றவரும் இருக்கிறார். இருவர் பெயருக்கும் நடுவில் ஏழு பெயர்கள் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள்.